தேர்வில்லாத தேர்ச்சி

2020 ஜூன் 9 அன்று தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே அறிவிப்பில் தேறினர். கொரோனாவால் மார்ச் 27-லிருந்து ஜூன் 1-க்கும், பிறகு 15-க்கும் நகர்ந்த தேர்வு, உயர் நீதிமன்றம் கேள்விமேல் கேள்வி கேட்டபின் கைவிடப்பட்டது. மதிப்பெண்ணில் 80 விழுக்காடு காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்தும் 20 விழுக்காடு வருகைப் பதிவிலிருந்தும் எடுக்கப்பட்டது. அரையாண்டை ஒத்திகை என்று நம்பி விளையாட்டாக எழுதியவர்களுக்கு, அதுதான் அரங்கேற்றம் என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. காய்ச்சலில் படுத்த நாள்களும் கணக்கில் ஏறின.

அடுத்த வகுப்புக்குப் போனவர்களுக்குத் துணையாகக் கல்வித் தொலைக்காட்சியும் கைபேசிப் பாடமும் வந்தன. சேர்வராயன் மலையில் மாரமங்கலம் போன்ற ஊராட்சிகளில் முதல் பாடம், சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடுவது. அதைப் புவியியல் செய்முறை என்று கொள்ளலாம். வீட்டுக்கு ஒரு கைபேசி என்றால், அது காப்பித் தோட்ட வேலைக்குப் பெற்றோருடன் போய்விடும்.

கல்லூரிகளுக்கும் கருணை நீண்டது. 2020 ஆகஸ்டில் அரியர் தேர்வுகள் ரத்தாகி, எழுதாமலே தேர்ச்சி தரப்பட்டது. முதலமைச்சருக்கு நன்றிப் பேனர்கள் எழுந்தன. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ ஒப்பவில்லை, 2021-ல் உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. அந்தத் தேர்ச்சிக்கு வைக்கப்பட்டிருந்த தகுதி ஒன்றே: தேர்வுக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும்.