ஹோய் ஆன் போய் வந்த பெரியவர்

ஆந்திரத்து வெதுருகுப்பத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், பத்து ஏக்கர் மாந்தோப்பும் அயல்நாட்டில் உத்தியோகம் பார்க்கும் புதல்வனும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற பெரியவர்களுக்குள்ளே, அண்மைக் காலமாக ஒரு புதிய இனம் தலையெடுத்திருக்கிறது. முன்காலத்தில் காசிக்குப் போய் வந்தவர்கள் காய் ஒன்றையும் கனி ஒன்றையும் விட்டுவிட்டு வருவார்கள். வியத்நாமிலுள்ள ஹோய் ஆன் என்னும் பழம்பதிக்குப் போய் வந்த இவரோ, சொந்த ஊரைப் பற்றிய நல்லெண்ணம் ஒன்றைத் தவிர வேறெதையும் விட்டு வந்தவரல்லர். டீக்கடை பெஞ்சில் அமர்ந்தால், "அங்கே ஆற்றங்கரை எப்படி இருக்கிறது தெரியுமா?" என்பதுதான் சம்பாஷணையின் ஆரம்பம். கேட்டவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவது அதன் முடிவு.

ஊர் அழகானதுதான், சந்தேகமில்லை. 15-ஆம் நூற்றாண்டு தொட்டு 19-ஆம் நூற்றாண்டு வரை சீனரும் ஜப்பானியரும் மரக்கலங்களில் வந்து பட்டும் பீங்கானும் வாணிகம் செய்த அந்தத் துறைமுகத்தில், பிற்பாடு து போன் ஆறு தூர்ந்து, கப்பல்களெல்லாம் பக்கத்து தா நாங்குக்குப் போய்விடவே, வீடுகளை இடித்துக் கட்டுவதற்கு அவசியமோ பணமோ யாருக்கும் இல்லாத பாக்கியத்தால், ஓட்டுக் கூரைகளும் மஞ்சள் சுவர்களும் அப்படியே தப்பிப் பிழைத்து, 1999-இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டன.

மகன் ஏற்பாடு செய்திருந்த ஆற்றங்கரை ரிசார்ட்டில், இஞ்சியும் எலுமிச்சம்புல்லும் போட்ட பானத்தோடு குளிர்ந்த ஈரத்துண்டு ஒன்றையும் தட்டில் வைத்து நீட்டியபோது, பெரியவர் பானத்தைப் பருகிவிட்டுத் துண்டை வழக்கப்படி தோளில் போட்டுக்கொண்டார். அறை வாடகையை அவர் வியத்நாமிய டாங்கிலோ ரூபாயிலோ கணக்கிடவில்லை. 2025-ஆம் வருஷத்து விலை வீழ்ச்சியில், தோத்தாபுரி மாங்காய்க்குக் கூழ் ஆலைக்காரர் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசாங்கம் 4 ரூபாயும் கொடுப்பதென்று ஏற்பாடாகி, அதற்கும் டிராக்டரோடு இரவெல்லாம் ஆலை வாசலில் கிடந்த மனிதர் அவர். "ஒரு ராத்திரிக்கு ஒரு டன் மாங்காய்!" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, அந்த ஒரு டன்னும் வீணாகக் கூடாதே என்கிற விசாரத்தில், முதல் இரவு அவர் கண்ணயரவே இல்லை.

ஜப்பானிய வணிகர்கள் 1593-இல் கட்டத் தொடங்கியதாகச் சொல்லப்படும் கூரைப் பாலத்தையும் பார்த்தார். அதன் ஒரு முனையில் நாய்களும் மறுமுனையில் குரங்குகளும் சிலையாக வீற்றிருக்கின்றன. தோப்பில் வருஷம் முழுவதும் பட்டாசு வெடித்துக் குரங்கு விரட்டுகிறவர், காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, குரங்கின் பக்கத்திலே நின்று படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் மீ சோன். நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்னும் சம்பா மன்னன் சிவபெருமானை எழுந்தருளச் செய்த அந்தப் பள்ளத்தாக்கின் செங்கற் கோயில்கள், 1969-இல் அமெரிக்கக் குண்டுக்கு இரையானது போக எஞ்சி நிற்பதைக் கண்டு, அபிஷேகம் இல்லாமல் கிடக்கிறாரே சுவாமி என்று உண்மையாகவே கண் கலங்கினார். ரேணிகுண்டாவுக்கு அப்பால் சொர்ணமுகிக் கரையிலே, கிறிஸ்துவுக்கு முற்பட்டதென்று அறிஞர் பலர் கருதும் லிங்கத்தோடு கூடிய குடிமல்லம் இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா என்று நான் கேட்டேன். "அது எங்கே போகிறது, பக்கத்தில்தானே இருக்கிறது?" என்றார்.

ஆனால் அவரை அடியோடு ஆட்கொண்டது கோயிலுமல்ல, பாலமுமல்ல. அறைக்கு முன்னாலிருந்த தாழ்வாரம். மரத்தூண், சிவப்புத் தரை, மேலே நாட்டு ஓடு, மழை பெய்தால் ஓட்டின் நுனியிலிருந்து முற்றத்தில் சொட்டும் நீர். மீன் சாறு கலக்காத பதார்த்தம் எதுவென்று ஒவ்வொரு தட்டையும் விசாரித்து அலுத்துப்போன மனையாள், கொண்டு வந்த கோங்குரா ஊறுகாயைச் சோற்றில் பிசைந்துகொண்டிருக்க, இவர் மட்டும் தூணைத் தடவித் தடவிப் பார்த்தபடியே மூன்று நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது தோப்பில், கிணற்று மோட்டாரின் பக்கத்தில், அதே மாதிரி ஒரு தாழ்வாரம் எழும்பிக்கொண்டிருக்கிறது. மாமரக் கிளைகளில் பட்டு விளக்குகள் தொங்குகின்றன. கிளியை விரட்டுவதற்கு என்று காவல்காரர் போவோர் வருவோருக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழைய மரத்தூண் வாங்கக் காரைக்குடி வரையில் பிரயாணம் போய், முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலை விசாரித்து, அதை மாங்காயாக மாற்றிப் பார்த்துவிட்டு, வாய் திறவாமல் வீடு திரும்பினார். கிரானைட் பதித்த புது வீட்டுக் கூடத்திலே அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்த மனையாள் கேட்டாள்:

"ஏங்க, இந்த வீடு கட்டறப்போ மாமா காலத்துத் தூண் எட்டையும் லாரியில ஏத்தி விட்டீங்களே, அப்போ வண்டி வாடகையும் நாமதானே கொடுத்தோம்?"