பழைய கதவைத் தட்டும் கம்ப்யூட்டர்

கேள்வி: ஆடிக் காற்றில் கரண்ட் போய் வந்தாலே எங்கள் வீட்டு வைஃபை பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்கிறது. ரூட்டரில் பார்த்தால் பெயரே இல்லாத இரண்டு கருவிகள் வேறு! பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படலாமா?
– வாசகர், பண்ணைப்புரம்

பதில்: அவசரப்பட்டுச் சண்டைக்குப் போய்விடாதீர்கள்! முதலில் பிரிண்டர். ரூட்டர் 192.168.1.5 என்பது போன்ற ஐபி முகவரியை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. கரண்ட் வந்ததும் பிரிண்டர் 192.168.1.9க்குக் குடிபோயிருக்கும், கம்ப்யூட்டர் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டர் மெனுவில் நெட்வொர்க் விவரத்தாளை அச்செடுங்கள். இரண்டிரண்டாக ஆறு ஜோடியில் ஒரு 'மேக்' எண் இருக்கும். ரூட்டர் செட்டிங்கில் அந்த எண்ணுக்கு ஒரே ஐபியை நிரந்தரமாக ஒதுக்கி, கம்ப்யூட்டரிலும் அதே ஐபியைக் கொடுத்துப் பிரிண்டரைச் சேருங்கள். ரூட்டரையே மாற்றியிருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஓடுகிறதா என்றும் பாருங்கள். பல பிரிண்டர்களுக்கு 5 எட்டாது.

இனி அந்த 'அந்நியர்கள்'. மேக் எண்ணின் முதல் மூன்று ஜோடி, தயாரித்த கம்பெனியைக் காட்டிக்கொடுக்கும். முதல் ஜோடியின் இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் உங்கள் வீட்டு செல்போனேதான்! 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் சொந்த எண்ணை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. நல்ல வசதி அது, அணைத்துவிடாதீர்கள். டிவி, போன் என்று ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து துண்டித்துப் பாருங்கள். அப்படியும் ஒன்று மிஞ்சினால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். புதிய பாஸ்வேர்டைப் பிரிண்டரிலும் போட மறக்காதீர்கள்.