ஒற்றைக்காலில் நின்ற கதை

எதற்கெடுத்தாலும் ஒற்றைக்காலில் நிற்கிற மனிதர் என்று மகாராஜபுரத்தில் அந்தப் பெரியவருக்குப் பெயர். மகளுக்குச் சம்பந்தம் பேசியபோதும் நின்றார், கிணற்றை ஆழப்படுத்தியபோதும் நின்றார். அப்பேர்ப்பட்டவர் நிஜமாகவே ஒற்றைக்காலில் நிற்கப் போனபோது மூன்று விநாடி தாங்கவில்லை.

எல்லாம் பேரனால் வந்தது. 2015 முதல் ஜூன் 21 யோகா தினம் அல்லவா? ஒரு காலில் நின்று மறுபாதத்தைத் தொடையில் பதிக்கிற விருட்சாசனத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்று அவன் வீட்டு முற்றத்தில் செய்து காட்டினான். "இது ஒரு பெரிய வித்தையாடா?" என்று தாத்தா எழுந்துவிட்டார். ஆடி அமாவாசை தவறாமல் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறி இறங்குகிற கால்கள் என்ற தெம்பு அவருக்கு. மலையேறும்போது இரண்டு கால்களும் முறைபோட்டு உழைக்கின்றன என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதலில் காலை வாரியது வேட்டி. தொடையில் பாதம் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அரைக்கால் சட்டைக்கு மாறி வந்தார். "ஒரே இடத்தைப் பாருங்க தாத்தா" என்றான் பேரன். எதிர்த் தோப்பில் ஒரு தென்னை மட்டையைப் பார்த்தார். மலைக்காற்றில் மட்டை ஆடியது, அவரும் ஆடினார். உடம்பின் சமநிலையைக் கண், உட்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் இருந்து போகும் சேதி மூன்றும் சேர்ந்துதான் காக்கின்றன. அசையாத சுவர் ஆணி ஒன்றைப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

அடுத்த முறை பாதத்தை நேராக முழங்கால் மேலேயே வைத்தார். இது மட்டும் சிரிக்கிற சங்கதி அல்ல. முழங்கால் முன்னும் பின்னும் மடங்கும் கீல். பக்கவாட்டு அழுத்தம் அதற்கு ஆகாது. பாதம் கெண்டைக்காலில் இருக்கலாம், தொடையின் உட்புறம் இருக்கலாம், முழங்காலில் கூடாது. புதிதாகப் பழகுபவர் கால் விரல்களைத் தரையிலேயே ஊன்றி, குதிகாலை மட்டும் மற்றக் கணுக்காலில் சாய்த்து நின்றாலே போதும்.

"ஏங்க, செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா கௌரவம் கொறஞ்சிருமா?" என்றார் வீட்டம்மா.

"தபசு பண்ணுனவங்க செவுத்தையா பிடிச்சாங்க?"

மாமல்லபுரத்துப் புடைப்புச் சிற்பத்தை நினைத்துச் சொன்னார் போலும். அங்கே ஒற்றைக்காலில், கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்பவர் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக விழவில்லை, உண்மைதான். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் முழுப் பாறையே இருக்கிறது! கீழே அவரைப் பார்த்துத் தவக்கோலம் பூண்ட பூனைக்கும் அதே பாறைதான் துணை. அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்று உலகுக்கே யோகம் சொல்லிக்கொடுத்த பி.கே.எஸ். ஐயங்காரும் சுவர், கயிறு, மரக்கட்டை எல்லாவற்றையும் தாராளமாகப் பயன்படுத்தியவர்.

இந்த ஒற்றைக்கால் சங்கதியை ஆராய்ந்தவர்களும் உண்டு. பிரேசிலில் 51 முதல் 75 வயதுவரை உள்ள 1,702 பேரைப் பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. நிற்க முடியாதவர்களிடையே பிற்பாடு இறப்பு அதிகமாம். நிற்காததால்தான் இறந்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. என்றாலும் பெரியவரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

இப்போது பெரியவரின் பயிற்சிக்கு ஈரமில்லாத தரை, வெறுங்கால், பக்கத்தில் சுவர். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் கைகள் நெஞ்சுக்கு நேரே, தலைக்குமேல் இல்லை. மூச்சை அடக்குவதில்லை; தலை சுற்றினால் உடனே காலை இறக்கிவிட வேண்டும். வலது காலில் எட்டு விநாடி வந்துவிட்டது. நாளைக்கு இடது கால். வீட்டம்மா இப்போதே ஒரு நாற்காலியைச் சுவரோரம் எடுத்துப் போட்டுவிட்டார்.