பையும் மவுஸும் இலவசம்

சித்தப்பா லேப்டாப் வாங்கிவிட்டார். நான் சொன்னதை இல்லை. எதற்குப் பையும் மவுஸும் இலவசமாகக் கொடுத்தார்களோ, அதை.

எனக்கு இதில் வருத்தமே இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். யாரும் நம்பவில்லை. "பாப்பா காலேஜ் சேர்ந்திருக்கா, நல்ல லேப்டாப்பா ஒண்ணு சொல்லுப்பா" என்று அவர் கேட்டதும் நான் பட்ஜெட் என்ன என்றேன். "அதெல்லாம் பிரச்சினையில்ல, நீ நல்லதா சொல்லு." இப்படிச் சொல்கிறவர்கள் மனசுக்குள் 45,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா ஒதுக்கியிருக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ராத்திரி உட்கார்ந்து எக்ஸெல் ஷீட் போடுகிற ஜாதி நாம். ராம், பேட்டரி, ஸ்கிரீன் வெளிச்சம் என்று தனித்தனிக் காலம். 45 சதவீத என்டிஎஸ்சி ஸ்கிரீன் வைத்த மாடல்களுக்கெல்லாம் சிவப்பு. அந்த ஸ்கிரீனில் அந்தச் சிவப்பே காவியாகத்தான் தெரியும் என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

அனுப்பினேன். இரண்டு நீல டிக். ஒரு கும்பிடு எமோஜி. அதற்கப்புறம் வந்தது ஃபோட்டோதான். சித்தப்பா, பாப்பா, நடுவில் பெட்டி, பக்கத்தில் கழுத்தில் ஐடி கார்டு தொங்கும் கடைப் பையன். பெட்டியின் ஒரு மூலையில் குங்குமம்.

"ஐ செவன்ப்பா. நீ சொன்னது ஐ ஃபைவ்தானாம், அந்தத் தம்பியே சொல்லுச்சு."

எந்த லேப்டாப் வாங்கலாம் என்பதை இந்தக் கட்டுரையின் முடிவில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் இந்த ஐ செவனைக் கொஞ்சம் பேசித் தீர்க்க வேண்டும்.

ஏழு ஐந்தைவிடப் பெரிது. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. அதை நம்பித்தான் அந்தப் பையனுக்குச் சம்பளம் வருகிறது. ஆனால் இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ7-1255யூ என்பதில் 10 கோர். ஐ5-12500எச் என்பதில் 12 கோர். முன்னது 15 வாட் சிப், பின்னது 45 வாட். வேலை என்று வந்துவிட்டால் ஐந்து ஏழை ஓரங்கட்டிவிட்டுப் போய்விடும். சங்கதி முழுக்க வாலில் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றை எழுத்தில். அதைப் பெட்டியில் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். ஏழு மட்டும் தள்ளி நின்றாலும் தெரியும். ஏஎம்டிக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். ரைசன் 5 7520யூ என்று 2023 வரிசையில் ஒன்று. முதல் எண்ணைப் பார்த்தால் புத்தம் புதுசு. உள்ளே இருப்பதோ 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அது மூன்றாவது எண்ணில் எழுதியிருக்கிறது, நாங்கள் ஒளிக்கவில்லையே என்பார்கள். லேப்டாப் வாங்கப் போகிற ஒரு மனுஷன் நாலு எண்ணில் மூன்றாவதை எதற்காகப் பார்க்கப் போகிறான்?

இரண்டு நாள் நிம்மதியாகப் போனது. பிறகு ஃபோன். "512 ஜிபின்னான். உள்ளே 476தான் காட்டுது. 36 ஜிபி கடையிலேயே எடுத்துட்டாங்களாப்பா?" அரிசிக் கடையில் எடை பார்த்துப் பழகிய சந்தேகம். தயாரிக்கிறவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட். விண்டோஸ் அதே ஜிபியை 107 கோடிச் சொச்சமாக எண்ணுகிறது, அதனால் குறைத்துக் காட்டுகிறது, யாரும் எடுக்கவில்லை என்றேன். "சரி சரி" என்றார். அந்தச் 'சரி'யில் நானும் கடைக்காரனும் கூட்டு என்ற தொனி இருந்தது.

அடுத்த கேள்விதான் என்னைக் கெடுத்தது. "இதுல சி ஓட்டை ஒண்ணு இருக்கே, அதுல ஒயரை மாட்டினா டிவில படம் வரல?"

வராது சித்தப்பா. வரலாம். அந்த ஓட்டை எல்லா மிஷினிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்றில் சார்ஜ் மட்டும் ஏறும். ஒன்றில் ஃபைல் போகும், படம் போகாது. இன்னொன்றில் படம் போகும், சார்ஜ் ஏறாது. எல்லாம் செய்கிற ஓட்டையும் உண்டு. எது எது என்று பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சின்னம் போட்டிருப்பார்கள், இல்லை போடாமலே விட்டிருப்பார்கள்.

சரி, வேகத்தையாவது பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், யூஎஸ்பிக்குப் பெயர் வைத்த புண்ணியவான்கள் யாரோ! முதலில் வந்ததில் 'ஃபுல் ஸ்பீடு' என்றால் விநாடிக்கு 12 மெகாபிட். ஃபுல் என்றால் அதற்கு மேல் இல்லை என்றுதானே நாம் நினைப்போம்? 2000-இல் யூஎஸ்பி 2.0 வந்தது, 480 மெகாபிட், அதற்குப் பெயர் 'ஹை ஸ்பீடு'. ஆக, ஹை என்பது ஃபுல்லைவிட 40 மடங்கு. 2008-இல் யூஎஸ்பி 3.0, 5 கிகாபிட், 'சூப்பர் ஸ்பீடு'. இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2013-இல் 3.1 என்று இன்னும் வேகமாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்கள் அதோடு விடாமல், பழைய 3.0-வை இனிமேல் 3.1 ஜென் 1 என்று கூப்பிடுங்கள் என்றார்கள். 2017-இல் 3.2 வந்தது. பாவம், அதே பழைய 5 கிகாபிட் இப்போது 3.2 ஜென் 1. சாதா பஸ்ஸில் வெள்ளை போர்டைக் கழற்றிவிட்டு டீலக்ஸ் போர்டு மாட்டின மாதிரி. அதே டிரைவர், அதே கிழிந்த சீட், அதே டமடமா கண்ணாடி, டிக்கெட்தான் வேறே. ஏறினவன் கேட்டால் போர்டைப் பார்த்துத்தானே ஏறினே என்பார்கள். 3.2 ஜென் 2 என்றால் 10 கிகாபிட். 3.2 ஜென் 2 எக்ஸ் 2 என்று ஒன்று, 20. இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வீட்டில் யாராவது கணக்குப் பாடம் நடத்துகிறீர்களா என்று கேட்பார்கள். பிறகு யூஎஸ்பி4. அதற்கு ஒரு 'வெர்ஷன் 2.0'. யூஎஸ்பி4 வெர்ஷன் 2.0-வுக்கும் யூஎஸ்பி 2.0-வுக்கும் நடுவே 79,520 மெகாபிட் இடைவெளி. கடை பில்லில் இரண்டுமே '2.0' என்றுதான் முடியும்.

இதெல்லாம் ஓட்டைக்கு. கேபிள் தனிக் கதை. ஐஃபோன் 15 ப்ரோவில் 10 கிகாபிட் போர்ட் வைத்த ஆப்பிள், பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தது 480 மெகாபிட் கேபிள். லட்ச ரூபாய்க்கு மேல் ஃபோன், கூடவே 2000-ஆம் வருஷத்து வேகம். 240 வாட் தாங்கும் கேபிளும் 60 வாட் கேபிளும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் தலைக்குள் சின்னதாக ஒரு சிப் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் போய், "அண்ணே, இது எத்தனை ஜிபிபிஎஸ்?" என்று கேட்டேன். கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஆணியில் கொத்தாகத் தொங்கிய கேபிள்களில் ஒன்றை உருவி, மேலிருக்கும் பிளாஸ்டிக்கை ஊதித் தூசி தட்டினார்.

"சி டு சி சார். ஃபாஸ்ட் சார்ஜிங்."

"டேட்டா ஸ்பீடு எவ்வளவுண்ணே?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் சார் சொன்னேன். ஃபாஸ்ட்."

பின்னால் நின்றவர் அதற்குள் நாலு கேபிள் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் மனைவி மிக்ஸி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கடையில் "ஓட்டிக் காட்டுங்க" என்பாள். ஓட்டுவார்கள். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பாள். "இது வேண்டாம், அது." முடிந்தது. 750 வாட் என்பதெல்லாம் அவளுக்குப் பிறகு நான் படித்துச் சொல்கிற செய்தி. லேப்டாப் கடையில் எங்கே ஓட்டிக் காட்டுகிறார்கள்? திறந்து வைத்திருக்கும் பீஸில் கிளியும் அருவியும் சுற்றிச் சுற்றி ஓடும். விசையைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கும். "இதில் 20 டேப் திறந்து பார்க்கலாமா?" என்றால் மேனேஜர் வருவார். 50,000 ரூபாய்ச் சாமானைத் தொடாமல் வாங்க வேண்டும். 50 ரூபாய்க் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்கலாம்.

என் லேப்டாப்பா? விண்டோஸ் 11 ஏறாத கிழம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கும்பிடு போட்டுவிட்டது. ஒரு கீலில் ஸ்க்ரூ இல்லை, திறக்கும்போது முனகும். புதிது வாங்கலாம்தான். அடுத்து ஒரு சிப் வருகிறதாம், அது வந்தால் இப்போதிருப்பது விலை இறங்கும். இறங்கியதும், அதற்கடுத்தது வருகிறதாம். அதற்குள் ராம் விலை ஏறிவிட்டது. இருக்கிற ராம் எல்லாம் ஏஐ சர்வர்களுக்குப் போகிறதாம். நமக்கு மிச்சம் 8 ஜிபியும் ஒரு ஸ்டிக்கரும். ஸ்பெக் தெரியாத பாப்பா அந்த இலவசப் பையை மாட்டிக்கொண்டு காலேஜ் போய்விட்டாள். அசைன்மென்ட்கூட அடித்துவிட்டாளாம்.

அந்த ஒரு வரிக்கு வருகிறேன். லேப்டாப் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது

ஒரு நிமிஷம், அத்தையிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். டிவி வாங்கப் போகிறார்களாம். "பட்ஜெட் பிரச்சினையில்ல கண்ணு, நீ நல்லதா ஒண்ணு சொல்லு." பெட்டியில் எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருக்கிறதாம், அது நல்லதா என்று கேட்கிறார். அத்தை, 2.1-இல் புதிதாக வந்த வசதிகள் எதுவுமே கட்டாயமில்லை, ஒன்றுகூட இல்லாமலும் 2.1 என்று போட்டுக்கொள்ளலாம் என்று அந்த லைசென்ஸ் கொடுக்கிறவர்களே 2021-இல் சொல்லிவிட்டார்கள். இருங்கள், ஒரு ஷீட் போட்டு அனுப்புகிறேன்.