அழையா உதவியும் அகலா மேம்பாடும்: நாசரேத் இல்லக் கணினிகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

1. வரையறையும் களமும்

உரிமையாளர் கேளாமலே இல்லக் கணினியில் தோன்றி, அவர் தொடங்கிய வேலைக்குத் துணை நிற்பதாகக் கூறி, அவ்வேலையை நெடுநேரம் நீட்டிக்கும் மென்பொருள் ‘அழையா உதவி’ எனப்படும். நன்றாக ஓடும் கணினியை இன்னும் நன்றாக ஓட்டுவதன்பொருட்டு நிறுத்திவைக்கும் நிகழ்வு ‘அகலா மேம்பாடு’ எனப்படும். பேச்சு வழக்கில் முன்னதை ‘அதுவா வருது’ என்றும், பின்னதை ‘அப்டேட் கேக்குது’ என்றும் சுட்டுவர்.

திருநெல்வேலி–திருச்செந்தூர் இருப்புப்பாதையில் அமைந்த நாசரேத் இவ்வாய்வுக்குக் களமாகக் கொள்ளப்பட்டதற்குக் காரணம் உண்டு. அழையா உதவியை வெறுப்போர் இயந்திரத்துக்கு அஞ்சுவோர் என்று சொல்வாருளர். மிஷனரி கனோன் மர்காஷியஸ் 1878-இல் தொழிற்பள்ளி நிறுவிக் கைத்தொழில்களைக் கற்பித்த ஊரைப் பற்றி அவ்வாறு சொல்லுதல் பொருந்தாது; இவ்வூரார் கருவிக்கு அஞ்சுவோர் அல்லர், கருவி காட்டும் கரிசனத்துக்கே அஞ்சுவோர் என்க.

2. தோற்றமும் வளர்ச்சியும்

இவ்வினத்தின் மூதாதை, மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 97-இல் குடிபுகுந்த ‘கிளிப்பி’ என்னும் கண்முளைத்த காகிதக் கவ்வியாகும். மொய் எழுதுபவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் தொகையைத் தானே சொல்லும் உறவினர்போல, கடிதத்தின் முதல் வரி தட்டப்பட்டவுடனே அது எழுந்து நின்று, கடிதம் எழுதுவதாகத் தெரிகிறதே என்று வினவியது. 2001-இன் ஆபீஸ் எக்ஸ்பியில் அது இயல்பாகவே அணைத்துவைக்கப்பட்டது. 2007-ஆம் பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது. அதன்பின் 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த கோர்டானா குரலால் உதவ முன்வந்து 2023-இல் ஓய்வுபெற, அதே ஆண்டில் கோபைலட் அவ்விடத்தில் அமர்ந்தது. 2024 ஜனவரியில் அதற்கென விசைப்பலகையிலேயே தனி விசை அறிவிக்கப்பட்டது. திரையில் தொடங்கிய உதவி விரல்நுனிக்கே வந்து சேர்ந்தமையும், ஒவ்வொன்றின் ஓய்வும் அடுத்ததன் வருகைக்கு இடம் ஒழித்துத் தந்தமையும் கருதத்தக்கன.

அழையாமல் வந்தவை எல்லாம் அழையா உதவி ஆகா. 2011 செப்டம்பரில் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய இயங்குதளமும் இடம்பெற்றது. அதை எந்த மாணவரும் கேட்கவில்லை. எனினும் அதுவும் எந்த மாணவரையும் எதுவும் கேட்கவில்லை. ஆகவே அது இலக்கணத்தில் அடங்காது.

3. காலக்கணிதம்

விண்டோஸ் மேம்பாடுகள் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியாகின்றன. அது நாசரேத்தில் பருவத்துக்கேற்ப இரவு 10.30 அல்லது 11.30 ஆதலின், வீட்டார் அதைப் புதன்கிழமையில்தான் எதிர்கொள்கின்றனர். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையும் அதே நாளில் அமையுமாயின், இருவேறு பராமரிப்புகள் ஒன்றையொன்று சந்திக்க, ‘கணினியை அணைக்க வேண்டாம்’ என்னும் அறிவிப்பு எவரும் அணைக்காமலே அணைந்துபோகும்.

இல்லக் கணினியின் மருத்துவர் பெரும்பாலும் சென்னையிலோ வளைகுடாவிலோ பணிபுரியும் மகனோ மகளோ ஆவர். டிசம்பரில் செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்திறங்கும் அவர், பண்டிகை ஆராதனையும் அச்சுமுறுக்கும் முடிந்தபின் கணினிமுன் அமர்ந்து, வேண்டாதவற்றை நீக்கி, மேம்பாட்டையும் நிறுத்திவைப்பார். விண்டோஸ் 11-இல் அவ்வாறு நிறுத்த இயலும் உச்ச அளவு ஐந்து வாரம். டிசம்பர் 26-இல் நிறுத்தியது ஜனவரி 30-இல் காலாவதியாக, பிப்ரவரி இரண்டாம் செவ்வாய்க்குள், பெரும்பாலும் லெந்து காலம் தொடங்குமுன்னரே, எல்லாம் திரும்பி வந்துவிடும். அடுத்த மருத்துவர் வருகைக்குப் பத்து மாதம் இருக்கும்.

4. தடுப்பு முறைகள்

இடைக்காலத்தில் வீட்டார் கையாளும் முறைகள் மூன்று. முதலாவது ஒத்திப்போடுதல்: ‘பிறகு நினைவூட்டு’ என்னும் பொத்தானை அழுத்துதல். இரண்டாவது பட்டினி போடுதல்: கைபேசி வழியே இணையம் தருவோர், அன்றாடத் தரவு ஒரே மேம்பாட்டில் தீர்ந்துபோவதைக் கண்டு, அமைப்புகளில் அவ்விணைப்பை ‘அளவிட்ட இணைப்பு’ எனக் குறித்துவைப்பர், குறித்தால் பெரும்பாலான பதிவிறக்கங்கள் தாமே தொடங்கா. இம்மூன்றனுள் இதுவே சிறந்தது. மூன்றாவது கடைக்குக் கொண்டுபோதல்: ‘ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்’ என்னும் தீர்ப்பைப் பெற்று, வேண்டாதவற்றுடன் பேரப்பிள்ளைகளின் புகைப்படங்களையும் சேர்த்து இழத்தல்.

கதவைத் தாழிடும் முறையும் உண்டு. குழுக்கொள்கைத் திருத்தி என்னும் கருவியால் இவற்றைப் பெரிதும் கட்டுப்படுத்தலாம். ஆனால் அக்கருவி அலுவலகங்களுக்குரிய பதிப்பில் உண்டு, வீட்டுப் பதிப்பில் இல்லை. காவலாளி உள்ள இடத்துக்குத் தாழ்ப்பாளும், காவலற்ற இடத்துக்குத் திறந்த கதவும் வழங்கப்பட்டமை ஆய்வுக்குரியது.

5. இசைவு என்பது யாது

2016-இல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லி வந்த அறிவிப்புப் பெட்டியை, மூலையிலிருந்த பெருக்கல் குறியைத் தொட்டு மூடியோரும், முன்பே குறிக்கப்பட்ட மாற்றத்துக்கு இசைந்தோராகவே கொள்ளப்பட்டனர். கலிபோர்னியாவில் பயண முகவர் ஒருவர், கேளாத மாற்றத்தால் தொழில் கெட்டதென வழக்காடி 10,000 டாலர் பெற்றார். இதற்கு மறுதலையான நிகழ்வு 2025 மார்ச்சில் நேர்ந்தது: அம்மாத மேம்பாடு சில கணினிகளில் கோபைலட்டைத் தானாகவே நீக்கிவிட்டது. நிறுவனம் அதைப் பிழை என அறிவித்து, மீண்டும் நிறுவிக்கொள்ளும் வழியையும் கூறியது. அழையாமல் வருதல் சேவை, அழையாமல் போதல் பிழை என்பது இதனால் பெறப்படும்.

மேம்பாடுகள் பாதுகாப்புக்கு இன்றியமையாதன அல்லவோ எனின், ஆம். திருடர்க்கு வழிவிடும் ஓட்டைகளை அவையே அடைக்கின்றன. குறை யாதெனின், ஓட்டையை அடைக்க வந்தவரும் திண்ணையில் கடைவிரிக்க வந்தவரும் ஒரே பையுடன் ஒரே நாளில் வருவதும், ஒருவரை மறுப்போர் இருவரையும் மறுக்க நேர்வதுமே.

6. முடிபு

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டுமாதலின், பழைய கணினிகள் பல தகுதியற்றவை எனத் தள்ளப்பட்டன; விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவுசெய்துகொண்டோர்க்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. ஆண்டாண்டாக ‘பிறகு’ என்று சொல்லியும் கிட்டாத விடுதலையைப் பழைய கணினி தன் தகுதியின்மையால் பெற்றது. இனி அது எதையும் கேட்காது. கேட்காமல் விட்டதுதான் வீட்டார் கவலைப்பட வேண்டிய முதல் அறிகுறி என்பதும், அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய மருத்துவர் டிசம்பரில்தான் வருவார் என்பதும் இவ்வாய்வின் முடிபாம்.