மணியும் வரலாமா பாராடாங்குக்கு?

கேள்வி: எங்கள் மணி (சிப்பிப்பாறை நாய், வயது மூன்று) இல்லாமல் நாங்கள் எங்குமே போனதில்லை. இந்த விடுமுறைக்கு அந்தமானின் பாராடாங் தீவுக்குப் போகிறோம். சுண்ணாம்புக் குகை வரை அவனையும் நடத்திக் கூட்டிப்போகலாமா?
– மதுரை வாசகி

பதில்: வேண்டாம். போகும் வழியைக் கேளுங்கள், உங்களுக்கே புரியும். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேயர்) ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் விடியுமுன்னே வண்டிகள் வரிசை கட்டிவிடும். அங்கிருந்து காவல்துறைத் துணையோடு கான்வாயாக ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதியைக் கடக்க வேண்டும். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பெரிய படகு, நீலம்பூர் ஜெட்டியில் சின்னப் படகு. அலையாத்திக் காட்டின் நடுவே அரை மணி நேரம் போய் இறங்கினால், இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் நடை. படகில் உங்களுக்கு லைஃப் ஜாக்கெட் தருவார்கள். மணிக்கு யார் தருவார்கள்?

குகைக்குள் தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளோ, சொட்டுச் சொட்டாக மழைநீர் இறங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வளர்ந்தவை. மனிதக் கையின் எண்ணெய்ப் பசை பட்டாலே அந்த இடத்தில் வளர்ச்சி தடைப்படும். மகிழ்ச்சியில் மணி வாலை ஆட்டுவதற்கு அங்கே இடம் போதாது.

கேள்வி: கான்வாய் போகும்போது நாய்க்கு அவசரம் வந்தால், ஒரே ஒரு நிமிடம் இறக்கி விடக்கூடாதா?
– திருச்சி வாசகர்

பதில்: கூடாது. நாயையும் இறக்கக்கூடாது, நீங்களும் இறங்கக்கூடாது, படமும் எடுக்கக்கூடாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடி மக்கள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் காக்கும் மண் அது. அந்தச் சாலையை மூடும்படி 2002இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. இன்றும் வண்டிகள் ஓடுகின்றன என்பது வேறு கதை. அதனாலேயே நம் ஒழுக்கம் கூடுதலாக இருக்க வேண்டும். ஜாரவா மக்கள் சில நூறு பேர்தான். 1999இலும் 2006இலும் தட்டம்மை அவர்களிடையே பரவியது. வெளியிலிருந்து வரும் ஒரு கிருமி அங்கே என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கார் ஜன்னல் வழியே பார்த்தால் காடாகத் தெரிவது, அவர்களுக்கு வீட்டு முற்றம். அடுத்தவர் முற்றத்தில் நம் நாயை ஒன்றுக்குப் போக விடுவோமா? அந்த வேலையை ஜிர்க்காடாங்கில் வரிசையில் நிற்கும்போதே முடித்துவிடுங்கள்.

கேள்வி: அந்தமானில் ஆதியிலிருந்தே நாய் உண்டா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: இல்லை. 1858இல் ஆங்கிலேயர் கைதிகளுக்கான குடியிருப்பை அமைத்த பிறகுதான் இந்தத் தீவுகளுக்கு நாய் வந்தது. அதற்குமுன் அந்தமான் பழங்குடியினர் நெடுங்காலம் நாயின் துணையில்லாமலே காட்டுப் பன்றியை வேட்டையாடி வாழ்ந்தார்கள். நாயைக் கண்டதும் பெரிய அந்தமானியர் அதை விரும்பி ஏற்றுக்கொண்டு பன்றி வேட்டைக்குப் பழக்கினார்கள். பின்னாளில் ஓங்கே மக்களும் அப்படியே. ஆகவே அங்கே மனிதனுக்கு நாய் புது நண்பன். ஆனால் ஆமைக்கும் நிலத்தில் முட்டையிடும் மற்ற உயிர்களுக்கும் நாய் புது எதிரி. எதிரியைப் பார்த்தே பழகாத உயிருக்குத் தப்பிக்கவும் தெரியாது.

கேள்வி: நாயோடு உலாவ ஏரிக்கரை ஏதாவது பாராடாங்கில் சொல்லுங்களேன்.
– ஈரோடு வாசகி

பதில்: பாராடாங்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது உப்பங்கழி. பார்க்க ஏரிபோல் அசையாமல் கிடக்கும். அந்த அமைதியை நம்பாதீர்கள், அது செம்மூக்கு முதலையின் வீடு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தமானில் முதலைகள் பெருகியிருக்கின்றன. அது நல்ல செய்தி. நாய் வளர்ப்பவர் மட்டும் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டிய நல்ல செய்தி. நீர் விளிம்பில் தண்ணீர் குடிக்கக் குனியும் நாய், முதலைக்குத் தானே வந்து சேர்ந்த சாப்பாடு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நீர் விளிம்பிலிருந்து 5 மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். பாராடாங்கிலும் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். அந்தி சாய்ந்துவிட்டால் கழிப்பக்கமே வேண்டாம்.

கேள்வி: நான் பாராடாங்வாசி. எங்கள் நாயை நாங்கள் எங்கேதான் நடத்திப் போவது?
– நீலம்பூர் வாசகர்

பதில்: உங்களுக்குத்தான் முதல் உரிமை, முதல் பொறுப்பும் உங்களுக்குத்தான். வெயில் ஏறுமுன் ஊர்ச் சாலை, பாக்குத் தோட்டத்து ஓரம், இரண்டும் அருமையான நடை. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். சேற்று எரிமலைப் பக்கம் வேண்டாம். பூமிக்கடியில் மக்கும் பொருள்களிலிருந்து கிளம்பும் வாயு சேற்றைக் குமிழ் குமிழாகத் தள்ளும் இடம் அது. குமிழைக் கண்டால் எந்த நாய்க்கும் மூக்கை நீட்டாமல் இருக்கத் தெரியாது.

மழைக்காலத்தில் தேங்கிய நீரைக் குடிக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ்) அந்தமானில் வேரூன்றிய நோய். ஒருகாலத்தில் ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று அஞ்சப்பட்டது, ஆராய்ந்தபோது இதுதான் என்று தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து நாய்க்கும் வரும், மனிதனுக்கும் வரும். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு. கால்நடை மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேட்டுப் போடுங்கள்.

கேள்வி: வெறிநாய்க்கடி அந்தமானில் இல்லை என்கிறார்களே, அப்புறம் எதற்கு ஊசி?
– விழுப்புரம் வாசகர்

பதில்: இல்லாமலே இருக்க வேண்டும் என்பதற்குத்தான். இந்தியாவில் ரேபிஸ் இல்லாத இடங்கள் என்று நெடுங்காலமாக இரண்டைத்தான் சொல்வார்கள்: அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு. கடல் போட்ட வேலி அது. நோயுள்ள ஒரே ஒரு நாய் கப்பலேறினால் வேலி அறுந்துவிடும். தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் எந்த நாயும் தீவில் கால் வைக்கக்கூடாது. நாய் கடித்துவிட்டால், எந்த ஊராக இருந்தாலும், சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: பாராடாங்கைத் தாண்டி ரங்கத் போகிறோம். அங்கே கடற்கரையில் நாயை அவிழ்த்துவிடலாமா?
– கோவை வாசகி

பதில்: ரங்கத் அருகே தனிநல்லாவில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே 713 மீட்டர் நீள மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். அதன் மறுமுனையில் உள்ள கடற்கரை, ஆமைகள் முட்டையிடும் இடம். கத்பர்ட் விரிகுடாவும் அப்படித்தான். தாய் ஆமை இரவில் கரையேறி, குழி தோண்டி, முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு பொரிய ஏறக்குறைய 50 நாள். அத்தனை நாளும் அந்த முட்டைகளுக்குக் காவல் மணல்தான். நாயின் மூக்குக்கு முன்னால் மணல் ஒரு காவலா? அந்தமானில் ஆமைக் கூடுகளைக் கிளறுவதில் நாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மரப்பாலத்தில் நீங்கள் நடந்து வாருங்கள், நாய் விடுதியில் தூங்கட்டும்.

அப்படியே இன்னொன்று: ஜெட்டியில் திரியும் தெருநாய்களுக்கு ஆசையாக பிஸ்கட் போட்டுவிட்டுக் கப்பலேறிவிடுகிறோம். பிஸ்கட் தீர்ந்த பிறகு அவை எங்கே தேடும்? கடற்கரையில்தான். அந்தக் காசைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் கொடுப்பதே அவற்றின் மேல் காட்டும் அன்பு.

கேள்வி: வெள்ளைக்காரன் நாட்டில் நாய்கள் மலையிலும் ஏரியிலும் சுதந்திரமாகத் திரிகின்றன. இங்கே மட்டும் ஏன் கயிறு?
– சென்னை வாசகர்

பதில்: அங்கேயும் கயிறு உண்டு. இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் நாயோடு நடப்பவர்களுக்குச் சொர்க்கம். ஆனால் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட மேட்டுநிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் பிடிக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு அது குஞ்சு பொரிக்கும் காலம். ஆடு மாடு அருகில் இருந்தால் ஆண்டு முழுக்கக் கயிறுதான். அங்கே நாய்க்கு வரவேற்பு இருப்பதற்குக் காரணமே அந்தக் கயிறு.

கேள்வி: சரி, ஏரியும் மலையும் நாயும் ஒன்றாக வேண்டுமென்றால் எங்கே போக?
– மீண்டும் மதுரை வாசகி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கொடைக்கானல். 1863இல் வெரே லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி, சுற்றிவர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். கூட்டம் சேருமுன் விடிகாலையில் சுற்றுங்கள். கயிறு கையிலேயே இருக்கட்டும். சிப்பிப்பாறை கண்ணால் கண்டதைத் துரத்தும் வேட்டை நாய், கொடைக்கானல் தெருவில் காட்டுமாடும் வரும். பொழுது சாய்ந்தால் அறைக்குத் திரும்பிவிடுங்கள். நம் மலையூர்களில் சிறுத்தைக்கு நாய் என்றால் கொள்ளை ஆசை. காப்புக்காட்டுக்குள் மட்டும் வேண்டாம். 2018இல் கிர் காட்டுச் சிங்கங்கள் செத்து விழுந்தபோது அவற்றின் உடலில் கண்டறியப்பட்ட கிருமிகளில் ஒன்று டிஸ்டெம்பர், நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படும் நோய்.

கேள்வி: பாராடாங் போகும்போது மணியை விட்டுவிட்டுப் போனால் அவன் வருத்தப்படமாட்டானா?
– அதே வாசகியின் மகள், ஐந்தாம் வகுப்பு

பதில்: படுவான், கண்ணு. ஆனால் அவன் குகைக்காக வருத்தப்படமாட்டான், உனக்காகத்தான் வருத்தப்படுவான். அவனுக்குப் பழக்கமான அத்தை வீட்டில், உன் பழைய சட்டை ஒன்றோடு விட்டுவிட்டு வா. திரும்பி வந்ததும் உன் பையைத் தரையில் வை. அலையாத்திக் காடு, படகு, உப்புக்காற்று எல்லாவற்றையும் அவன் பத்து நிமிடம் முகர்ந்து முகர்ந்து பார்த்துவிடுவான். ஒரு முதலையையும் உசுப்பாமல், ஒரு முட்டையையும் உடைக்காமல், மணி பாராடாங்கைச் சுற்றி முடித்திருப்பான். அப்புறம் கயிற்றை எடு. இருவருமாக ஒரு நீண்ட நடை போய்விட்டு வாருங்கள்.