110 வோல்ட் மிக்ஸி

நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கைக்கு மிக்ஸி வாங்கினோம். அங்கே ஓடவேண்டியது என்பதால் 110 வோல்ட். பெட்டியைப் பிரித்த அம்மா, "ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு அனுப்பலாம்டா" என்றார். லேப்டாப்பில் தலையைக் கவிழ்த்திருந்த நான் "ம்" என்றேன். தட்டைப் பின்னுக்கு அடாப்டர் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. பாலவாக்கத்து மின்சாரமோ 230 வோல்ட். மிக்ஸி மீனம்பாக்கத்தில் விமானம் கிளம்புவதுபோல் உறுமியது. மல்லி அரைபடுவதற்குள் மோட்டார் கருகிவிட்டது. கடல் காற்று அந்த நாற்றத்தைக் கொண்டுபோக இரண்டு நாளாயிற்று.

அதே நேரத்தில் நானும் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு குட்டி பில்ட் டூல் என் பொறுப்பில் இருக்கிறது. எந்தக் கோப்பு மாறியது, எதைத் திரும்பக் கம்பைல் செய்யணும் என்று பார்த்துச் செய்யும்; 'மேக்' செய்கிற வேலைதான். (மேக்கை ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் பெல் லாப்ஸில் எழுதினார். டேபுக்குப் பதில் ஸ்பேஸ் போட்டால் இன்றைக்கும் கோபித்துக்கொள்ளும்.) அதை ஐஐடி மெட்ராஸின் 'சக்தி' பிராசஸரில் ஓட்ட ஆசை. திருவான்மியூர் தாண்டி அடையாறு போனால் ஐஐடி, பக்கத்து ஊர்க்காரர்கள். 2018-இலேயே அவர்கள் சிப்பில் லினக்ஸ் எழுந்து உட்கார்ந்தது. ஆனால் அது பேசுவது ரிஸ்க்-ஃபைவ். என் லேப்டாப்புக்குப் புரியாது. இங்கே கம்பைல் செய்து அங்கே ஓட்டணும்.

கம்பைலர் பெயரை மாற்றிக் கொடுத்தேன். என் டூல் முதலில் ஒரு சின்ன ஜெனரேட்டரைக் கட்டி, அதை ஓட்டி, அது துப்புகிற கோப்பை வைத்து மிச்சத்தைக் கட்டும். இப்போது ஜெனரேட்டரும் ரிஸ்க்-ஃபைவாகப் பிறந்தது. லேப்டாப்பில் ஓட்டினால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்'. நல்லவேளை, புகை வரவில்லை. 'ஃபைல்' கட்டளையிடம் கேட்டேன். 'யூசிபி ரிஸ்க்-ஃபைவ்' என்றது. யூசிபி என்றால் பெர்க்லி. சிப் அடையாறு, ஜாதகம் கலிஃபோர்னியா.

சரி, இரண்டு கம்பைலர் வேண்டும். பெயர் வைப்பதில்தான் தகராறு. லினக்ஸ் கெர்னலில் 'ஹோஸ்ட்' என்றால் கட்டுகிற மெஷின். குனுவின் கான்ஃபிகரில் 'ஹோஸ்ட்' என்றால் ஓடப்போகிற மெஷின். தங்கை போனில் "நம்ம வீட்ல பைப் ஒழுகுது" என்றால், அம்மா எழுந்து இங்கே சமையலறைக்குப் போவார், அந்தக் கதை. நான் 'இங்கே', 'அங்கே' என்றே வைத்துவிட்டேன்.

மிச்சம் ஒரு வியாதி. 'லாங்' எத்தனை பைட் என்று தெரிந்துகொள்ள, டூல் ஒரு குட்டி நிரலை ஓட்டிப் பார்க்கும். ஓட்டாமல் எப்படித் தெரியும்? அம்மா சாமிக்குப் படைக்கிற புளியோதரையை ருசி பார்க்கவேமாட்டார். உப்பு ஒருநாளும் தப்பியதில்லை. நானும் ஒரு வரி எழுதினேன்: அளவு எட்டு இல்லையென்றால் அரேயின் நீளம் மைனஸ் ஒன்று. கம்பைலரே மூக்கைப் பொத்திக்கொண்டு மறுத்துவிடும். டூல் இப்போது ஒரே கட்டளையில் 'அங்கே'க்குக் கட்டப்படுகிறது.

இரண்டாவது மிக்ஸி வாங்கப் போகிற வழியெல்லாம் இதை அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைக்குள் நுழைந்ததும், "ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க தம்பி" என்றார்.

பையன் அசரவில்லை. கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரை இழுத்து வைத்தான். எங்கள் தொழிலிலும் அந்தப் பெட்டி உண்டு, க்யூஎமு என்று, கனம்தான் ஜாஸ்தி.